வாயில் திறந்தது - வழி காட்டுவது யார்?

கல்லூரி வாயில் திறந்துவிட்டது. தானாகவா திறந்தது? தட்டித் தட்டிக் கை சிவந்த பிறகு திறந்தது! வகுப்புவாரி ஆணை செல்லாது என்று 1951-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தபோது தமிழகம் கொதித்தெழுந்தது. அவ்வாண்டே அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது. தொழிற்கல்வி பயிலும் முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை 2010-இல் வந்தது. அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பிலே 7.5 விழுக்காடு 2020-இல் வந்தது. பொறியியல் முதலான படிப்புகளிலே 2021-இல் வந்தது. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி ஏகும் மாணவியர்க்குத் திங்கள்தோறும் ஆயிரம் ரூபாய் தரும் திட்டம் 2022-இல் தொடங்கிற்று, மாணவர்க்கு 2024-இல். ஒவ்வொன்றும் ஒரு படிக்கல். படியேறி வாயிலைக் கடந்துவிட்டான் உழைப்பாளியின் மகன். சரி - உள்ளே நுழைந்தவன் எந்தப் பக்கம் திரும்புவது? அதைச் சொல்ல அங்கே ஆள் உண்டா?

இந்தக் கேள்வியை நாம் எழுப்புவதற்குக் காரணம் உண்டு. கலைப் பட்டம் பெற்றுப் பள்ளியிலே பாடம் சொல்லும் பணி ஏற்றுச் சில ஆண்டுகளே ஆகின்றன நமக்கு. நம்மிடம் பயின்று, நம் கையால் விண்ணப்பம் நிரப்பப்பெற்று, மலர்ந்த முகத்தோடு கல்லூரிக்குச் சென்ற பிள்ளைகள், இரண்டே திங்களில் வாடிய முகத்தோடு நம் பள்ளி வாயிலில் வந்து நிற்கக் காண்கிறோம். "ஐயா, அங்கே யாரைக் கேட்பது என்று தெரியவில்லை" என்கிறார்கள். கல்லூரியைப் பற்றிய ஐயத்தைத் தீர்த்துக்கொள்ளப் பள்ளிக்கூடத்துக்கு வரவேண்டியிருக்கிறது!

செங்கல் சூளைத் தொழிலாளி ஒருவரின் மகள் அவ்விதம் வந்தாள். உதவித்தொகைக்காக வங்கிக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் கல்லூரி அலுவலகத்துக்கும் அலைந்தாள். அலைந்த நாளெல்லாம் வகுப்பிலே 'வரவில்லை' என்று பதிவாயிற்று. நூற்றுக்கு எழுபத்தைந்து நாள் வருகை வேண்டும் என்ற விதியை அவளிடம் எவரும் சொல்லவில்லை. முதல் பருவத்தில் ஒரு தாள் தவறிற்று. 'அரியர்' என்றார்கள். அந்தச் சொல்லுக்குக் கல்லூரியை விட்டுப் போகவேண்டும் என்று பொருள் கொண்டாள் அந்தப் பெண்! அடுத்த பருவத்துக்குச் சென்றுகொண்டே அந்தத் தாளை மீண்டும் எழுதலாம் என்ற ஒரு வாக்கியம், ஒரே ஒரு வாக்கியம், அவள் படிப்பைக் காத்தது. அதைச் சொன்னது கல்லூரி அல்ல, நாம். நம்மிடம் வராத பிள்ளைகள் எத்தனை பேரோ!

படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு இந்தத் தொல்லை இல்லை. முதன்மைப் பாடம் எது, துணைப் பாடம் எது, அகமதிப்பீடு எவ்வாறு கணக்கிடப்படுகிறது, எந்தப் பட்டத்துக்குப் பின் எந்தத் தேர்வு - அத்தனையும் வீட்டுத் திண்ணையிலேயே கிடைத்துவிடும். தந்தை சொல்வார், தமையன் சொல்வான், மாமன் தொலைபேசியிலே சொல்வார். நிலமும் நகையும் மட்டுமா பரம்பரைச் சொத்து? வழி அறிந்திருப்பதும் பரம்பரைச் சொத்துதான்! அந்தச் சொத்து இல்லாத வீட்டுக்கு, அதைப் பொதுச் சொத்தாக ஆக்கித் தருவது கல்லூரியின் கடமை. சலுகை அன்று, உரிமை.

"அறிமுக விழா நடத்துகிறோமே!" என்பர். நடத்துகிறீர்கள், நாமும் கண்டிருக்கிறோம். குத்துவிளக்கு, பொன்னாடை, வரவேற்புரை, வாழ்த்துரை, தலைமையுரை, சிறப்புரை, நன்றியுரை. உரைக்குப் பஞ்சமில்லை, விடைக்குத்தான் பஞ்சம். கேள்வி கேட்க மாணவனுக்கு ஐந்து நிமிடமாவது தரப்பட்டதா?

ஏட்டிலே ஏற்பாடு இல்லாமலில்லை. பொறியியல் கல்லூரிகளுக்காக மூன்று வார அறிமுகத் திட்டத்தைத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2017-இல் வகுத்தது. மாணவரை இருபது இருபது பேராகப் பிரித்து, குழுவுக்கோர் ஆசிரியரை வழிகாட்டியாக அமர்த்தவும் சொன்னது. 2019-இல் பல்கலைக்கழக மானியக் குழுவும் ஒரு கையேடு வெளியிட்டது. அதற்கு இட்ட பெயர் 'தீட்சாரம்பம்'! தீட்சை என்றால் என்ன? குரு ஓதுவார், சீடன் கைகட்டிக் கேட்பான். நாம் வேண்டுவதோ, மாணவன் கேள்வி கேட்க, ஆசிரியர் விடை பகரும் ஏற்பாடு.

குறை எங்கே என்று ஆராய்ந்தால், ஒருங்கிணைப்பிலே என்பது விளங்கும். சேர்க்கைப் பிரிவுக்குச் சான்றிதழ் தெரியும். உதவித்தொகைப் பிரிவுக்கு வங்கிக் கணக்கு தெரியும். தேர்வுப் பிரிவுக்குப் பதிவெண் தெரியும். விடுதிக்கு அறை எண் தெரியும். மாணவனை முழுமையாகத் தெரிந்தவர் எவருமில்லை! பள்ளி வரையிலே 'நான் முதல்வன்', 'கல்லூரிக் கனவு' என்று 2022 முதல் வழிகாட்டும் முயற்சிகள் நடந்தன. வாயிலைத் தாண்டியதும் அந்தக் கை நழுவிவிடுகிறது.

நாம் கேட்பது கோடி ரூபாய்த் திட்டமன்று. பிள்ளை தமிழ்வழியில் பயின்றவன், முதல் பட்டதாரி, இன்ன உதவி தேவை என்று பள்ளி ஆசிரியர் ஒரு தாளில் எழுதட்டும். பிள்ளையின் ஒப்புதலோடு அது கல்லூரிக்குச் செல்லட்டும். இருபது மாணவர்க்கு ஓர் ஆசிரியர் என்பதை எல்லாக் கல்லூரிகளும் ஏற்று, அவர் பெயரை முதல் நாளே அறிவிக்கட்டும். வருகை விதியும் தேர்வு விதியும் உதவித்தொகைக்கு உரிய தேதிகளும் எளிய தமிழில் கையிலே தரப்படட்டும். முதல் அகத்தேர்வு முடிந்ததும், பின்தங்கியவனை அந்த ஆசிரியர் அழைத்துப் பேசட்டும். அந்த ஆசிரியர்க்கு அதற்கென நேரம் ஒதுக்கப்படட்டும். அடுத்த ஆண்டு பணி நிலைக்குமா என்று கலங்கும் கௌரவ விரிவுரையாளர், அடுத்த ஆண்டுக்கான வழியை மாணவனுக்கு எப்படிக் காட்டுவார்? நிலையான பணியிடமும் இதன் ஒரு பகுதியே.

"வளர்ந்த பிள்ளைக்குக் கைபிடித்து நடத்தல் எதற்கு? முட்டி மோதிக் கற்கட்டுமே" என்று வினவும் பெரியவர்கள் உண்டு. ஐயன்மீர், தாங்கள் முட்டியபோது தாங்கிப் பிடிக்க வீட்டிலே ஆளிருந்தது. இவன் முட்டினால் நேரே சூளைக்குத்தான் திரும்புவான்!

இளந்தோழர்களே! ஆணைக்குக் காத்திராமல் நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. உங்கள் ஊரிலிருந்து இவ்வாண்டு கல்லூரி புகும் பிள்ளைகள் யார் யார் என்று கணக்கெடுங்கள். மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரை ஆளுக்கொரு துணையாக்குங்கள். அந்தி நேரப் படிப்பகத்திலே அமர்ந்து விதிகளைப் படித்துக் காட்டுங்கள். உரிமை கேட்டு வாயிலைத் திறந்தது முந்திய தலைமுறை. உள்ளே போனவன் பட்டத்தோடு வெளியே வரும்வரை உடன் நிற்பது நம் தலைமுறையின் வேலை.