தொட்டிலுக்கு விழுந்த ஓட்டு

2024 நவம்பரில் அமெரிக்கத் தேர்தல் நடந்தபோது, நியூஜெர்ஸியில் இருக்கும் என் அண்ணன் மகள் போனில் கேட்டாள்: "அத்தை, இங்கே எங்கே பார்த்தாலும் கருக்கலைப்புப் பேச்சுத்தான். நம்ம மதுரையில எந்தக் கட்சி என்ன சொல்லுது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இங்கே அந்தப் பேச்சை மேடையில யாரும் எடுக்க மாட்டாங்கடி" என்றேன்.

அங்கே 2022 ஜூனில் சுப்ரீம் கோர்ட் அந்த உரிமையை எடுத்துவிட்டது. இரண்டே மாதத்தில் கான்ஸாஸ் மாநிலத்தார், வழக்கமாகக் குடியரசுக் கட்சிக்கே ஓட்டுப் போடுகிறவர்கள், உரிமை இருக்கட்டும் என்று ஓட்டுப் போட்டார்கள். டிரம்ப் 2024-ல் அந்தந்த மாநிலம் பார்த்துக்கொள்ளட்டும் என்று நழுவிக்கொண்டார். ஜெயித்தும்விட்டார். நடுவில் நிற்கிற ஜனங்களைப் பகைத்துக்கொள்ள எந்த ஊர் அரசியல்வாதிக்குத்தான் மனசு வரும்?

நம் நாட்டில் 1971-லேயே கருக்கலைப்புக்குச் சட்டம் வந்துவிட்டது. என் ஓரகத்திக்கு மூன்றாவது தடவை ரத்தக்கொதிப்பு எக்கச்சக்கமாக ஏறியபோது அந்தச் சட்டம்தான் அவளைக் காப்பாற்றியது. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நம் கட்சிகள் சூடு கண்டது வேறு இடத்தில். நெருக்கடி நிலையின்போது நடந்த கட்டாயக் கருத்தடை, 1977-ல் வடக்கே காங்கிரஸை மண்ணைக் கவ்வ வைத்தது. (இங்கே அ.தி.மு.க.வோடு சேர்ந்து அதே காங்கிரஸ் ஜெயித்தது, அது தனிக் கதை!) பிறகு, குடும்பத்துக்குள் கை வைக்கும் பேச்சு என்றாலே தலைவர்களுக்கு ஜுரம்தான்.

ஆனால் தொட்டிலைப் பற்றிப் பேசலாம். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண் சிசுக்கொலை 1986-ல் பத்திரிகையில் வந்து, நாடே நம் பக்கம் திரும்பியது. 1992-ல் ஜெயலலிதா சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கினார். வளர்க்க முடியாத பெண் குழந்தையை அரசாங்கத் தொட்டிலில் விட்டுவிடலாம். 2001-ல் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களுக்கும் வந்தது. நல்ல காரியம்தான். பிழைத்த உயிர்கள் உண்டு.

நடுவில் என் கதை.

1993-ல் நான் இரண்டாவது முறை முழுகாமல் இருந்தேன். மூத்தது பெண். விளக்குத்தூண் பக்கம் புடவை எடுக்கப் போவதுபோல் மாமியார் என்னை ஒரு ஸ்கேன் சென்டருக்குக் கூட்டிப்போனார். வயிற்றில் இருப்பது என்னவென்று சொல்லக்கூடாது என்ற சட்டம் 1994-ல் இயற்றப்பட்டு, 1996-ல்தான் அமலுக்கு வந்தது. சொன்னார்கள். மாமியார் திட்டவில்லை, அழவில்லை. பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சின்ன வயசுதானே தாயி, அடுத்தது பாத்துக்கலாம்" என்றார். நாலு நாளில் எல்லாம் முடிந்தது. கள்ளிப்பால் இல்லை, போலீஸ் இல்லை, பேப்பரில் போட்டோ இல்லை. நானும் வேண்டாம் என்று வாய் திறக்கவில்லை.

2001 தேர்தலுக்கு எங்கள் தெருவில் ஓட்டுக் கேட்டு வந்த பெண்கள் தொட்டில் திட்டத்தைப் பற்றிச் சொன்னார்கள். மாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. "பச்ச மண்ணைக் கொல்ல எப்பிடித்தான் மனசு வருதோ பாவிகளுக்கு!" என்றார். நடிப்பில்லை, சத்தியமாக நடிப்பில்லை. வந்தவர்களுக்கு மோர் கொடுத்து அனுப்பினார். ஓட்டும் அவர்களுக்கே போட்டார்.

உள்ளே மோர் கடைந்துகொண்டிருந்தவள் நான். கள்ளிப்பால் என்றால் அது எங்கோ கிராமத்துச் சமாசாரம், டவுன்காரர் நாங்கள் உச்சுக் கொட்டலாம். ஸ்கேன் எங்கள் வீட்டுச் சமாசாரம். அன்றைக்கு வந்தவர்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மோர் கிடைத்திருக்காது. அவர்களுக்கும் அது தெரியாமலா இருந்திருக்கும்?

"நீங்க யாருக்குப் போட்டீங்க அத்தை?" என்றாள் அண்ணன் மகள்.

"தொட்டிலுக்குத்தான்" என்றேன்.

போன மாதம் என் மகளுக்குத் துணையாக ஸ்கேன் எடுக்கப் போனேன். பாலினம் கேட்பது குற்றம் என்று சுவரில் போர்டு தொங்கியது. அதை வாசித்துவிட்டு, "அந்தக் காலத்துல நிஜமாவே கேப்பாங்களாம்மா?" என்றாள். நான் பைக்குள் தண்ணீர் பாட்டிலைத் தேடினேன்.