சுரப்பியும் சுபாவமும்

1948ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்திலுள்ள மேயோ மருத்துவ நிலையத்திலே, மூட்டுவாதத்தினால் முடங்கிக் கிடந்த 29 வயதுப் பெண்ணொருத்திக்குப் பிலிப் ஹென்ச் என்னும் மருத்துவர் புதியதொரு மருந்தினை ஊசிமூலம் ஏற்றினார். சில நாட்களிலேயே அவள் எழுந்து நடந்தாள். பின்னர் கோட்டிசோன் எனப் பெயர் பெற்ற அம்மருந்து, சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அதிரீனற் சுரப்பிகளோடு தொடர்புடைய ஸ்ரெரொயிட் ஓமோன்களுள் ஒன்றாகும். 1950இல் ஹென்ச்சுக்கும், கெண்டல், றைக்ஸ்ரைன் என்னும் இரசாயன அறிஞர் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால், மூட்டை நிமிர்த்திய மருந்து மனத்தையும் அசைத்தது. நோயாளர் சிலர் உறக்கமின்றி, ஓயாது பேசி, உலகையே வென்றவர்போல் களித்தனர். வேறு சிலர் காரணமற்ற துயரில் ஆழ்ந்தனர். இதன் வழிவந்த பிரெட்னிசோனை உட்கொண்டோரை அவதானித்து 1972இல் வெளியான பொஸ்ரன் ஆய்வொன்று, நாளொன்றுக்கு 40 மில்லிகிராமோ அதற்குக் குறைவாகவோ பெற்றவருள் 1.3 வீதத்தினரிடமும், 80 மில்லிகிராமுக்கு மேற் பெற்றவருள் 18.4 வீதத்தினரிடமும் மனக் குழப்பங்கள் தோன்றியதைக் காட்டிற்று. அளவு கூடக் கூடக் குழப்பமும் கூடுகின்றது.

மூட்டுக்கு இட்ட மருந்துக்கு மூளையில் என்ன வேலை? ஸ்ரெரொயிட்டுக்கள் கொலஸ்திரோலிலிருந்து பிறப்பவை, கொழுப்பிற் கரைபவை. ஆதலால், குருதியில் வரும் பல பொருள்களைத் தடுத்து நிறுத்தும் மூளையின் காவலரண் இவற்றுக்கு வழிவிடுகின்றது. நரம்புக்கலத்தினுள் நுழைந்த ஓமோன் அங்குள்ள வாங்கியோடு இணைந்து, கலத்தின் கருவை அடைந்து, எந்தப் பரம்பரையலகு தொழிற்பட வேண்டும், எது ஓய்ந்திருக்க வேண்டும் என்பதையே மாற்றுகின்றது. 1968இல் நியூயோர்க்கின் றொக்பெல்லர் பல்கலைக்கழகத்துப் புரூஸ் மக்கியூவனும் அவருடைய சகாக்களும், எலிகளுக்கு ஏற்றப்பட்ட இத்தகைய ஓமோன் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியிலே சிறப்பாகத் தங்குவதைக் கண்டனர். ஹிப்போகாம்பஸ் நினைவோடு நெருங்கிய தொடர்புடையது. நினைவின் வாயிலிலேயே சுரப்பியின் தூதனுக்கு ஆசனம் இடப்பட்டிருந்தது!

இலக்கியம் பயில்வோர் இங்கே சற்று முகஞ்சுளிக்கலாம். சினமும் செருக்கும் மில்லிகிராமில் அளக்கத் தக்கனவா? ஆயினும், 'பித்தம் தலைக்கேறிற்று' என்று காலங்காலமாகச் சொல்லி வரும் தமிழருக்கு உடல் மனத்தை ஆளும் என்பது அத்துணை புதிய செய்தியன்று.

1956இல் நிக்கலஸ் றே நெறிப்படுத்திய 'பிகர் தான் லைஃப்' என்ற திரைப்படம் இவ்வினாவைக் கையில் எடுத்தது. ஜேம்ஸ் மேசன் ஏற்று நடித்த பாடசாலை ஆசிரியர், குருதிக்குழாய் நோயொன்றிலிருந்து கோட்டிசோனால் உயிர்பிழைக்கின்றார். விதித்த அளவை மீறி உட்கொள்ளத் தொடங்கியதும் அவரது போக்கு மாறுகின்றது. பெற்றோர் கூட்டத்திலே பிள்ளைகளை இகழ்கின்றார். கணக்குத் தவறிய மகனை இரவுவரை வதைக்கின்றார். ஈற்றில், ஆபிரகாம் மகனைப் பலியிடத் துணிந்த கதையைப் படித்துத் தாமும் அவ்வாறே துணிகின்றார்.

அச்சொற்கள் எவருடையவை? மருந்து பேசியது என்று மனைவி மன்னித்துவிடலாம். ஆனால், குறைந்த சம்பளத்தில் உழன்ற அந்த ஆசிரியரின் உள்ளத்தில் அக்கசப்பு முன்னரே இருந்தது என்பதற்கும் படத்திற் சான்றுண்டு. ஓமோன் வசனத்தை எழுதித் தருவதில்லை. மெல்லிய குரலை உரத்த குரலாக்குகின்றது, தடைகளைத் தளர்த்துகின்றது. அவ்வளவில் அவரை முற்றிலும் குற்றவாளியாக்குவதும் நீதியன்று. முற்றிலும் விடுவிப்பதும் உண்மையன்று. வீட்டிலுள்ளோர் இவ்விரண்டுக்குமிடையே வாழ வேண்டியவர்களாகின்றனர்.

படத்தின் முடிவில் அவர் தெளிவு பெற்றுக் கண்விழிக்கின்றார். மனைவியையும் மகனையும் அணைத்துக்கொள்கின்றார். ஆனால் உயிர் தரிக்க வேண்டுமாயின், குறைந்த அளவிலேனும், அதே மருந்தை அவர் தொடர்ந்து உட்கொண்டே ஆகவேண்டும்.