அந்தமான் கேட்ட தங்கச்சி... கோடியக்கரை கேட்ட அப்பா!

டெல்டாக்காரர்கள் ஊர் சுற்றப்போகும் தேதியை லீவு லிஸ்ட் முடிவு செய்வதில்லை, மேட்டூர் அணைதான் முடிவு செய்யும். ஜூன் 12-ல் தண்ணீர் திறந்தால் குறுவை, அப்புறம் சம்பா, தாளடி. ஜனவரி 28-ல் அணையை மூடுவது வழக்கம். அறுவடை முடியும்வரை வயலைவிட்டு நகர மாட்டார்கள். மன்னார்குடி பக்கம் விவசாயம் பார்க்கும் என் அப்பா, கல்யாணம் காதுகுத்து தவிர வேறெதற்கும் வெளியூரில் ராத்தங்கியதே இல்லை.

இந்த வருடம் எப்படியாவது அவரைக் கிளப்பிவிடுவது என்று நானும் தங்கச்சியும் முடிவெடுத்தோம். தங்கச்சிக்கு ஒரு தீவு வேண்டும். அதில் காடும் விலங்குகளும் இருக்க வேண்டும். முதலில் அந்தமானில் உள்ள மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவைத் தேடினாள். நான்கு பேருக்கான விமானக் கட்டணத்தைப் பார்த்ததும் போனைக் கீழே வைத்துவிட்டாள்.

அடுத்தது மன்னார் வளைகுடா. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகள், பவளப்பாறைகள், கடல்பசுக்கள்! 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம். ஆனால், வனத்துறை அனுமதி இல்லாமல் அந்தத் தீவுகளில் இறங்க முடியாது. பவளப்பாறைகள் பிழைத்திருக்க அந்தக் கட்டுப்பாடு தேவைதான்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அப்பா சொன்னார், "அவ்வளவு தூரம் எதுக்கும்மா? கோடியக்கரைக்குப் போவோம். அதுவும் தீவு மாதிரிதான்."

மேப்பைப் பார்த்தால், அவர் சொன்னது சரிதான். கிழக்கே வங்கக்கடல், தெற்கே பாக் நீரிணை, இன்னொரு பக்கம் சதுப்பு நிலமும் உப்பளங்களும். வெளிமான்களைக் காப்பாற்ற 1967-ல் சரணாலயமாக அறிவித்தார்கள். 2002-ல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் தளமானது. 2022 வரை தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் இருந்த ஒரே இடம் இதுதான். புள்ளிமான், நரி, எப்போதோ மனிதர்கள் வளர்த்து இப்போது காட்டிலேயே பெருகிவிட்ட குதிரைகள், கூட்டம் கூட்டமாகப் பூநாரைகள் என்று பார்க்க நிறைய இருக்கிறது. 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கு, பூங்குழலி படகு விட்ட கரை.

"ஏம்ப்பா கோடியக்கரை?" என்றேன்.

"கஜா அந்தப் பக்கமாத்தானே உள்ள வந்துச்சு. அந்தக் காடு இப்ப எப்படி இருக்குன்னு பாக்கணும்."

2018 நவம்பர் 16 அதிகாலை, நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது கஜா புயல். கோடியக்கரைக் காட்டில் மரங்கள் முறிந்து விழுந்தன. மான்களும் குதிரைகளும் செத்தன. எங்கள் கொல்லையில் நாற்பது தென்னைகள் சாய்ந்தன. அவற்றைப் பற்றி அப்பா வீட்டில் பேசியதே இல்லை. மறுபடி வைத்த கன்றுகள் இப்போதுதான் பாளை விடுகின்றன. "நமக்காவது நிவாரணம்னு ஒண்ணு வந்துச்சு. அந்தக் காட்டுக்கு யாரு குடுத்திருப்பா? அதுவாத்தானே எழுந்திருக்கணும்" என்றார்.

அதன் பிறகு அந்தமான் பேச்சைத் தங்கச்சி எடுக்கவில்லை.

தேதி குறிப்பதுதான் பெரிய வேலையாக இருந்தது. சைபீரியா வரையிலிருந்து பறவைகள் வருவது அக்டோபர் வாக்கில். அப்போது எங்களுக்கு நடவு, களை, மழை. அறுவடை முடியும்போது பிப்ரவரி. மார்ச்சுக்குள் பல பறவைகள் திரும்பக் கிளம்பிவிடும். வயலுக்கும் பறவைக்கும் பொதுவாக எங்களுக்குக் கிடைப்பது சில வாரங்கள்தான்.

திட்டம் இதுதான். திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யம் போய் இரவு தங்கல். அம்மாவுக்கு வேதாரண்யேஸ்வரர் கோயில். எனக்கு, 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்துவந்து உப்பு எடுத்ததன் நினைவாக அகஸ்தியம்பள்ளியில் உள்ள ஸ்தூபி. மறுநாள் விடியும் முன்பே காடு. எத்தனை மணிக்கு உள்ளே விடுவார்கள் என்று வனத்துறையிடம் முன்னாலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். கையில் புளிச்சோறு, தண்ணீர், பைனாகுலர். பளிச் கலர் உடை வேண்டாம். குரங்குக்குத் தீனி போடக் கூடாது. கொண்டுபோன குப்பை எங்களோடே திரும்பி வரும்.

நேற்று அப்பா, அறுவடை மெஷின்காரரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். "ஏழாம் தேதிக்குள்ள அறுத்துக் குடுத்துடுப்பா. நாங்க ஊருக்குப் போவணும்."