அடைக்கலமும் உரிமையும்

மலைநாட்டுப் பாடசாலையின் வரவுப் பதிவேட்டைப் போல உண்மை பேசும் ஏடு வேறொன்று இருக்குமா என்பது ஐயமே. விடுமுறை கழிந்து புதிய தவணை தொடங்கும்போது சில பெயர்களை அழைத்தால் விடை வராது. முதல் வாரம் அப்பெயருக்கெதிரே ஒரு சிவப்பு வட்டம். இரண்டாம் வாரமும் அதுவே. சில மாதங்களில் பெயரின்மேல் ஒரு கோடு. பெரும்பாலும் அவை எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பெண்பிள்ளைகளின் பெயர்கள். புசல்லாவை, தெல்தோட்டை, கலஹா, நாவலப்பிட்டி என்று கண்டியைச் சூழ்ந்த தோட்டப் புறங்களில் கற்பிக்கும் ஆசிரியர் எவருக்கும் இது புதிய செய்தியன்று. எங்கே என்று கேட்டால், "டவுனுக்குப் போயிட்டா" என்று பக்கத்து வாங்கில் இருப்பவள் சொல்வாள். டவுன் என்பது கண்டியாக இருக்கலாம், கொழும்பாக இருக்கலாம். எந்த நகராயினும் அந்தச் சிறுமிக்கு அது ஒரு வீட்டின் சமையலறை மட்டுமே.

அவ்வாறு நின்றுவிட்ட மாணவியொருத்தியைத் தேடி நாம் அவளது லயத்துக்குச் சென்றோம். தாய் கொழுந்து நிறுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். நாம் பேசியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டபின் அவள் சொன்னாள்: "அங்கயாவது மூணு வேளையும் சோறு கெடைக்கும் டீச்சர். வயசுக்கு வந்த புள்ளைய இந்தக் காம்பராவுல தனியா விட்டுட்டு நான் எப்பிடி மலைக்குப் போறது? பெரிய எடத்துல இருந்தா பத்திரமா இருக்கும்."

மகளைப் பாதுகாப்பதற்காகவே தாய் அவளை அனுப்பினாள் என்பதை இங்கே ஊன்றிக் கவனிக்க வேண்டும். அழைத்துச் சென்ற தரகரும் பாதுகாப்பைப் பற்றியே பேசியிருப்பார். வீட்டுக்கார அம்மாளும் "எங்கள் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொள்கிறோம்" என்றே சொல்லியிருப்பார். பிள்ளைக்குக் கூலி கொடுப்பாருண்டோ? பிள்ளைக்கு வேலை நேரம் வகுப்பாருண்டோ? மகள் என்று அழைத்த அக்கணமே, அவள் தொழிலாளி என்ற உண்மை மறைந்து போகிறது.

சட்டம் இல்லாமலில்லை. வீட்டு வேலைக்காரரைப் பதிவு செய்வதற்கென ஆங்கில ஆட்சி 1871-ஆம் ஆண்டிலேயே ஒரு கட்டளைச் சட்டம் கொண்டு வந்தது. ஆனால் அது வேலைக்காரரைக் காக்க வந்ததன்று. வேலைக்காரரிடமிருந்து வீட்டுக்காரரைக் காக்க வந்தது. சம்பளச் சபைகளின் நிழலும் வீட்டு வேலை செய்வோரை நெடுங்காலம் எட்டவில்லை. கட்டாயக் கல்வி வயது 2016-ல் 16 ஆக உயர்ந்தது. பெண்கள், இளம் ஆட்கள், சிறுவர்கள் ஆகியோரின் தொழில் பற்றிய 1956-ஆம் ஆண்டுச் சட்டம் 2021-ல் திருத்தப்பெற்று, வேலைக்கமர்த்தும் மிகக் குறைந்த வயது 14-லிருந்து 16 ஆயிற்று. அதே 2021-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், டயகமத் தோட்டத்திலிருந்து கொழும்புக்கு வேலைக்குச் சென்ற பதினாறு வயதுச் சிறுமியொருத்தி, நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் வீட்டில் தீக்காயமுற்று, வைத்தியசாலையில் உயிர் துறந்தாள். மலையகமெங்கும் மக்கள் வீதிக்கு வந்து நீதி கேட்டனர்.

இத்தகைய பெண்களுக்கு முதலில் கதவு திறந்தவர்கள் யார் என்று வரலாற்றைப் பார்த்தால், கிறிஸ்தவப் பணியாளர்களைக் காண்கிறோம். இதனை மறைப்பது நேர்மையாகாது. 1835-ல் பிரான்சின் ஆஞ்சேர் நகரில், மரி யூப்ராசியா என்ற துறவி, கைவிடப்பட்ட பெண்களையும் சுரண்டலுக்கு இரையாகக்கூடிய சிறுமியரையும் காப்பதற்கென நல்லாயன் கன்னியர் சபையை நிறுவினார். அச்சபையினர் 1869-ல் கொழும்புக்கு வந்தனர். 1889-ல் கண்டியில் மடமும் பாடசாலையும் அமைத்தனர். அக்காலத்தை எண்ணிப் பாருங்கள். லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867-ல் தேயிலை பயிரிட்டார்; கோப்பி நோயால் அழிந்தது; மலையெங்கும் தேயிலை ஏறியது; தமிழகத்துக் கிராமங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் கொண்டுவரப்பட்டனர். தேயிலையும் கன்னியர் மடமும் ஏறத்தாழ ஒரே காலத்தில் இம்மலைகளுக்கு வந்தவை. ஒன்று பெண்ணின் உழைப்பை உறிஞ்ச வந்தது. மற்றொன்று பெண்ணுக்கு அடைக்கலமும் எழுத்தும் கொடுக்க வந்தது.

ஆயினும் அடைக்கலத்தோடு வரலாறு முடிந்துவிடவில்லை. திருச்சபைத் தொண்டர்கள் 1854-ல் இம்மலைகளில் தொடங்கிய ஊழியத்துக்குத் 'தமிழ்க் கூலி மிஷன்' என்றே பெயர். தோட்டத் துரைமாரின் பொருளுதவியும் அதற்கிருந்தது. லயத்துப் பிள்ளைக்கு அகரம் கற்பித்த அந்தக் கை, அவளுடைய தாயின் கூலி ஏன் இவ்வளவு சிறியது என்று துரையிடம் கேட்க முடியுமா? அடைக்கலத்துக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. அயர்லாந்தில் இதே நல்லாயன் சபையும் வேறு சில சபைகளும் நடத்திய சலவைக்கூடங்களில், 'வழி தவறியவர்கள்' என்று முத்திரை குத்தப்பட்ட பெண்கள் கூலியின்றி ஆண்டுக்கணக்கில் உழைத்தனர். அவற்றில் கடைசிக் கூடம் 1996-ல்தான் மூடப்பட்டது. 2013-ல் அந்நாட்டுப் பிரதமர் நாடாளுமன்றத்தில் அப்பெண்களிடம் மன்னிப்புக் கோரினார். காப்பதற்கெனக் கட்டிய சுவர், உள்ளிருப்பவளின் சொல்லுக்கு இடமில்லாதபோது சிறைச் சுவராகிவிடுகிறது.

அடைக்கலம் எவ்வழி நடந்தால் விடுதலையாகும் என்பதற்குத் தமிழகத்திலேயே ஒரு பாடம் உண்டு. திருநெல்வேலிச் சீமையில் ஊழியம் செய்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரிடம், 1901-ல், கோயிலுக்கு ஒப்படைக்கப்படவிருந்த ஏழு வயதுச் சிறுமியொருத்தி தப்பி வந்து சேர்ந்தாள். டோனாவூர் இல்லம் அதிலிருந்து வளர்ந்தது. 1930-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னையில் அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். அவர் இல்லத்தோடு நில்லாது சட்டசபையிலும் போராடினார். பொட்டுக்கட்டும் வழக்கத்தின் கொடுமையைத் தன் வாழ்விலேயே கண்ட மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராய் மேடையேறினார். 1947-ல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. கதவு திறந்தவர் ஒருவர். சட்டம் கேட்டவர் ஒருவர். துன்பத்தின் நடுவிலிருந்து தாமே பேசியவர் ஒருவர். இம்மூவரில் ஒருவர் இல்லாதிருப்பினும் அப்போராட்டம் அந்த அளவுக்குக் குறைபட்டிருக்கும்.

கண்டியிலும் இவ்வழி நடந்தோர் உண்டு. இயேசு சபைத் துறவி போல் கஸ்பர்ஸ் அடிகளார் 1972-ல் இந்நகரில் சத்தியோதயத்தை நிறுவினார். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்ற பேதமின்றி அங்கே ஒன்றுகூடிப் பணி செய்தனர். தோட்டத் தொழிலாளரைத் தருமத்துக்குரியவராக அவர் கருதவில்லை. 1948-ல் குடியுரிமை பறிக்கப்பட்ட, உரிமைக்குரிய மக்களாகவே கண்டார். இலங்கைத் தொழிலாளர் செங்கொடிச் சங்கத்தின் பொதுச் செயலாளராகப் பொறுப்பேற்ற மேனகா கந்தசாமி போன்றோர் முன்னின்று, வீட்டுப் பணியாளருக்கெனத் தனியே ஒரு சங்கத்தைக் கட்டினர். ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு சமையலறையில் தனித்திருக்க, ஒரு தொழிற்சாலை வாசலில் கூடுவது போல அவர்களைக் கூட்டுவது எளிதன்று. ஆனாலும் அவர்கள் கூடினர். "பிள்ளையைப் போல" என்ற இனிய சொல்லுக்கு எதிரே, "தொழிலாளியாக நடத்துங்கள்" என்ற நேரிய சொல்லை வைத்தனர்.

நாம் தேடிச் சென்ற மாணவி, எட்டு மாதங்களுக்குப் பின் அந்த வீட்டிலிருந்து வெளியேறினாள். அங்கே அவள் பட்டவை அவளுக்கு உரியவை, இங்கே எழுதுவதற்கில்லை. அவளது கூலி தரகர் கையோடு நின்றுவிட்டது என்பதை மட்டும் சொல்லலாம். கன்னியர் இல்லமொன்று அவளை ஏற்றுக்கொண்டது. அங்கிருந்தே அவள் மீண்டும் படிக்கத் தொடங்கினாள். அவளைக் காணச் சென்றபோது நன்றி கூற முனைந்தோம். முதிய கன்னியர் ஒருவர் அதனைத் தடுத்துச் சொன்னார்: "இவளுக்கு இரண்டு தங்கைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இங்கே கட்டில் போடச் சொல்கிறீர்களா?"

அக்கேள்வி கன்னியருக்கு உரியதன்று, நமக்கு உரியது. அத்தங்கைகள் கட்டிலைத் தேடி வராதிருக்க வேண்டுமாயின், தாயின் நாட்கூலியில் வீட்டில் உலை கொதிக்க வேண்டும். பத்தடி லய அறைக்குப் பதிலாகத் தாழிடக்கூடிய வீடு வேண்டும். ஒன்பதாம் வகுப்புக்குப் பின்னும் தோட்டத்திலிருந்து நடந்து செல்லும் தூரத்தில் பாடசாலை வேண்டும். 2021-ல் நாட்கூலி ஆயிரம் ரூபாய் என்று அறிவிப்பதற்கே தோட்டத் தொழிலாளர் எத்தனை ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது என்பதை நாடறியும். இவை தருமத்தால் வருவனவல்ல.

ஆசிரியராகிய நாம் செய்யக்கூடியது சிறிதாயினும் உண்டு. சிவப்பு வட்டம் இரண்டாம் முறை விழும்போதே லயத்துக்குச் செல்லலாம்; மூன்றாம் வாரத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி எண்ணைச் சுவரில் ஒட்டுவதோடு நில்லாமல், அதை எப்போது, எப்படி அழைப்பது என்று வகுப்பில் சொல்லிக் கொடுக்கலாம். வேலைக்குரிய வயது பதினாறு என்பதைப் பெற்றோர் கூட்டத்தில் உரக்கச் சொல்லலாம். மாணவியர் மன்றத்தில் அவர்களையே பேசவிடலாம். அடைக்கலம் தருவோரை நன்றியோடு வணங்குவோம். அவர்களது கதவு என்றும் திறந்திருக்கட்டும். ஆனால் நம் பிள்ளைகள் அக்கதவைத் தட்ட வேண்டிய தேவையை ஒழிப்பது, சம்பளம் கேட்கும் தாயோடும் சங்கம் கட்டும் தொழிலாளியோடும் சேர்ந்து நின்று நாம் செய்ய வேண்டிய வேலை.