எல்க் மலைச் சரிவில் ஒரு ரோஜாப் பாடம்

‘வாங்கும்போது உள்ளங்கை அகலத்துக்குப் பூத்திருந்த ரோஜா, வீட்டுக்கு வந்ததும் பூக்கவே இல்லை. என்ன செய்வது?’ வாசகர் கடிதங்களில் அடிக்கடி வரும் கேள்வி இது. பதிலைக் கண்ணால் பார்க்க ஏற்ற இடம் ஊட்டி எல்க் மலைச் சரிவில் உள்ள அரசு ரோஜாப் பூங்கா.

ஊட்டி மலர்க் கண்காட்சியின் நூற்றாண்டு நினைவாக 1995-ல் தோட்டக்கலைத் துறை இதை அமைத்தது. சுமார் 10 ஏக்கர் சரிவு, ஐந்து வளைவுப் படிகளாக வெட்டப்பட்டிருக்கிறது. உலக ரோஜா சங்கங்களின் கூட்டமைப்பு 2006-ல் சிறந்த பூங்கா விருதை இதற்கு வழங்கியது. மே மாதம் போனால் கூட்டம் பூக்களைச் சுற்றித்தான் நிற்கும். ஆனால் பாடம் இருப்பது செடியின் அடிப்பாகத்தில்.

காம்புக்கு ஒரு பூவாக, நடு உயர்ந்து இதழ் விரியும் பெரிய ரோஜாக்கள் ‘ஹைப்ரிட் டீ’ வகை. 1867-ல் பிரான்சின் கியோ உருவாக்கிய ‘லா பிரான்ஸ்’ ரகத்தை இந்த வகையின் முதல் ரோஜாவாகச் சொல்வார்கள். சீனத்துத் தேயிலை ரோஜாவின் வழிவந்ததால் இவை ஆண்டில் பலமுறை பூக்கும். நம் நாட்டிலும் இதற்கு வரலாறு உண்டு. துரு நோயைத் தாங்கும் கோதுமைக்காக உழைத்த பி.பி.பால், ‘டாக்டர் ஹோமி பாபா’ என்ற வெள்ளை ரோஜாவையும் உருவாக்கினார்.

இந்த ரகங்கள் பெரும்பாலும் சொந்த வேரில் நிற்பதில்லை. முரட்டு ரோஜாவின் தண்டில் மொட்டுக் கட்டி வளர்க்கிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

அந்தியூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா, செல்போனில் தன் வீட்டுச் செடியின் படத்தைத் தோட்டக்காரரிடம் நீட்டினார்.

“ஆள் உசரம் வளந்துருச்சுங்க. ஒரு பூ இல்லீங்க. மகள் காலேஜ் சேர்ந்த வருஷம் வாங்குனது, பிடுங்கிப் போட மனசு வரலீங்க.”

“கிளை எங்கிருந்து வந்திருக்குன்னு பாத்தீங்களாம்மா?”

படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். தண்டின் அடியில் ஒரு முடிச்சு. ஓங்கிய கிளைகள் எல்லாம் அதற்குக் கீழிருந்து வந்தவை. முடிச்சுக்கு மேலே விரல் தடிமனில் ஒரே ஒரு குச்சி, நுனியில் இரண்டு இலை.

“இதுதாம்மா உங்க ரோஜா. மத்ததெல்லாம் அடிச்செடி. போட்ட உரத்தை எல்லாம் அதுதான் தின்னிருக்கு.”

ஏழு இலை இருந்தால் காட்டுச்செடி, ஐந்து இருந்தால் நல்ல செடி என்று பலர் நம்புகிறார்கள். அதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. நல்ல ரகத்திலும் ஏழு இலை வரும். முளைத்த இடம்தான் சாட்சி. முடிச்சுக்குக் கீழே வரும் கிளையை மண்ணை விலக்கி, முளைத்த இடத்தோடு இழுத்துப் பிய்க்க வேண்டும். கத்தரித்தால் மீண்டும் தழையும்.

சமவெளியில் வளர்ப்போர் கவனிக்க வேண்டியவை:

• ஒன்றரை அடி நீள, அகல, ஆழக் குழியில் மேல்மண்ணோடு 10 கிலோ மக்கிய தொழு உரம் கலந்து நடுங்கள். முடிச்சு மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும்.

• காலை வெயில் நன்கு படும் இடம் வேண்டும். கோடைப் பிற்பகல் வெயிலுக்கு நிழல் தேவை. மலையிலிருந்து வந்த செடியை ஒரு வாரம் நிழலில் வைத்துப் பழக்குங்கள்.

• தண்ணீரை வேரில் ஊற்றுங்கள். மாலையில் இலை நனைந்து கிடந்தால் கரும்புள்ளி நோய் வரும்.

• மழை ஓய்ந்து குளிர் தொடங்கும்போது கவாத்து செய்யுங்கள். காய்ந்த, நோயுற்ற கிளைகளை நீக்கி, நல்ல கிளைகளை வெளிப்பக்கம் பார்க்கும் கணுவுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டி, வெட்டுவாயில் போர்டோ பசை தடவுங்கள். ஏறக்குறைய 45 நாளில் பூ வரும்.

• பெரிய பூ வேண்டுமானால் நடு மொட்டை விட்டுப் பக்க மொட்டுகளைக் கிள்ளிவிடுங்கள்.

பூங்கா வாசலில் பூத்த தொட்டிகள் வரிசையாக விற்பனைக்கு இருந்தன. அந்த அம்மா நின்று பார்த்தார், விலையும் கேட்டார். வாங்கவில்லை.

“முதல்ல வீட்டுல இருக்கறதைக் காப்பாத்தறனுங்க” என்று சொல்லிவிட்டுப் பேருந்து ஏறப் போனார்.