பச்சிலைக்குப் பங்கு எவ்வளவு?

ஜெயமங்கலத்தில் நின்று பார்த்தால் மேற்குத் தொடர்ச்சி மலை தெரியும். அந்த மலைகளில் பளியர்கள் இருக்கிறார்கள். எந்த வேர் எதற்கு ஆகும் என்று தெரிந்தவர்கள். பழங்குடி வைத்தியத்தை மீட்கணும் என்று எல்லோரும் சொல்கிறோம். சரி... மீட்டால் லாபம் யாருக்கு?

இதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு.

1987 டிசம்பரில் ஒரு விஞ்ஞானிகள் குழு அகத்தியமலைக்குப் போனது. வழிகாட்ட வந்த காணிக்காரர்கள் ஏதோ ஒரு காயைத் தின்றுகொண்டே சளைக்காமல் ஏறினார்கள். விஞ்ஞானிகளும் தின்றார்கள். களைப்பு பறந்தது! முதலில் சொல்ல மறுத்தவர்கள், பிறகு செடியைக் காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை.

கேரளத்தின் பாலோடு தாவரவியல் பூங்கா அதன் இலையைச் சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கி, கோவை ஆர்ய வைத்திய ஃபார்மசிக்கு உரிமம் கொடுத்தது. கட்டணம் 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம் ராயல்டி. இரண்டிலும் பாதி காணிக்காரர்களுக்கு. அதற்காக 1997ல் ஒரு அறக்கட்டளையும் பதிவானது. உலகமே பாராட்டியது.

ஆனால் இலை காட்டில்தானே நன்றாக வளரும்? அதைப் பறிக்க வனத்துறை தடை போட்டது. ராயல்டி என்பது விற்பனையில் பங்கு. இலை இல்லாவிட்டால் மருந்து ஏது, விற்பனை ஏது?

2006 வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருள் சேகரிக்கும் உரிமையையும், பாரம்பரிய அறிவின் மீது சமூக உரிமையையும் தருகிறது. பளியர்களுக்கும்தான். வைத்தியத்தை மீட்பது என்றால் முதலில் காட்டுப் பாதையைத் திறந்துவிடணும். பங்குக் கணக்கை அப்புறம் போடலாம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?