எழுபது மணி நேரமும் பால் கணக்கு நோட்டும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்திரிகையை உரக்கப் படிப்பது என் கெட்ட பழக்கங்களில் ஒன்று. நான் கூடத்தில் சாய்வு நாற்காலியில் இருந்துகொண்டு படிப்பேன். சமையலறையிலிருந்து என் மனைவி விமரிசனம் செய்வாள். நடுவில் காப்பி வரும். அந்தக் காப்பி எப்படி வருகிறது என்று இத்தனை வருஷத்தில் நான் யோசித்ததே கிடையாது. பொழுது விடிவது போல அதுவும் தானாக நடக்கிறது என்றே எண்ணியிருந்தேன்.

2025 ஜனவரியில் ஒரு ஞாயிறு. அன்று படிப்பதற்கு ரஸமான செய்தி ஒன்று அகப்பட்டது. லார்ஸன் அண்டு டூப்ரோ கம்பெனியின் தலைவர் ஸ்ரீ எஸ்.என். சுப்பிரமணியன் தம் ஊழியர்களிடையே பேசிய பேச்சு, ஒரு வீடியோவாக வெளியே கசிந்து ஊரெல்லாம் பரவியிருந்தது. ஞாயிற்றுக்கிழமையும் உங்களை வேலை வாங்க முடியவில்லையே என்பதுதான் அவருடைய வருத்தம். வீட்டில் இருந்து என்ன செய்யப் போகிறீர்கள், எவ்வளவு நேரம்தான் மனைவியைப் பார்த்துக்கொண்டே இருப்பீர்கள், மனைவிதான் எவ்வளவு நேரம் கணவனைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்ற தோரணையில் கேட்டிருந்தார். வாரத்துக்கு 90 மணி நேரம் உழைத்தால்தான் உலகத்தின் உச்சிக்குப் போகலாமாம்.

நான் பலமாகச் சிரித்தேன். சமையலறையில் தேங்காய் துருவும் சத்தம் ஒரு நிமிஷம் நின்றது.

"ஞாயிற்றுக்கிழமையில் எந்த மனைவி ஓரிடத்தில் நிற்கிறாள், பார்த்துக்கொண்டே இருப்பதற்கு?" என்று கேட்டாள் என் மனைவி. மறுபடியும் துருவும் சத்தம் தொடங்கிவிட்டது.

இந்த நாட்டில் எத்தனையோ பெரிய மனிதர்கள் அந்தப் பேச்சுக்குப் பதில் சொன்னார்கள். ஸ்ரீ ஆனந்த் மஹிந்திரா, என் மனைவி அற்புதமானவள், அவளைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்கும் என்ற கருத்தில் பதில் சொல்லிக் கைதட்டல் வாங்கினார். என்னைக் கேட்டால், எங்கள் வீட்டுச் சமையலறையிலிருந்து வந்த பதிலுக்குத்தான் முதல் பரிசு கொடுப்பேன்.

ஆனால் அன்றைக்கு நான் கொடுக்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அப்போது என் மனம் கம்பெனித் தலைவர்கள் பக்கமே இருந்தது.

இந்தச் சர்ச்சைக்கு விதை போட்டவர் இன்போஸிஸ் ஸ்தாபகர்களில் ஒருவரான ஸ்ரீ நாராயண மூர்த்தி. 2023 அக்டோபரில், இந்திய இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் வேலை செய்ய முன்வர வேண்டும் என்று ஒரு பேட்டியில் சொன்னார். யுத்தத்துக்குப் பிறகு ஜெர்மானியரும் ஜப்பானியரும் அப்படித்தான் தலைநிமிர்ந்தார்கள் என்று உதாரணமும் காட்டினார். தாம் 1994 வரை வாரத்துக்கு 85 முதல் 90 மணி நேரம் உழைத்ததாகப் பின்னால் தெரிவித்தார். வெறும் வாய்ப்பேச்சு மனிதர் அல்ல அவர். ஏழு இஞ்சினீயர்கள் சேர்ந்து 1981-ல் தொடங்கிய கம்பெனி அது. டெலிபோன் கிடைக்கவே ஒரு வருஷம் காத்திருந்த காலம். அந்தக் கம்பெனி 1999-ல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் ஏறிய முதல் இந்தியக் கம்பெனி என்று பெயர் வாங்கியது.

"பார்த்தாயா! உழைப்பென்றால் இதுதான் உழைப்பு. நான்கூட வாரம் அறுபது மணி நேரம் உழைக்கிறேன்" என்றேன்.

என் மனைவி தர்க்கம் செய்யவில்லை. தர்க்கம் செய்திருந்தால் தப்பித்திருப்பேன். அலமாரியிலிருந்து பால் கணக்கு நோட்டை எடுத்து, கடைசிப் பக்கத்தில் நடுவே ஒரு கோடு கிழித்தாள்.

அடுத்த ஞாயிறு அந்தப் பக்கம் என் காப்பியோடு வந்தது. அவள் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறவள். கூட்டலில் பிசகு வராது. இடது பக்கம் என் பெயர். ஆபீஸ் 58 மணி, வீட்டு வேலை 5 மணி, ஆக 63. வீட்டு வேலை என்று அவள் ஒப்புக்கொண்ட ஐந்தில் ஒரு மணி, புளி வாங்கப் போய்ப் பத்திரிகை வாங்கி வந்தது. ஆபீஸ் கணக்கில் டீக்கடையில் நின்று உலக அரசியலைச் சீர்திருத்திய நேரமும் அடக்கம். அது அவளுக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை.

வலது பக்கம் அவள் பெயர். ஆபீஸ் 44 மணி. வீட்டில் காலை மூன்று மணி நேரம், மாலை இரண்டரை மணி நேரம், ஆறு நாளைக்கு 33. ஞாயிற்றுக்கிழமை 7. ஆகக் கூடி 84.

"மூர்த்தி கேட்ட எழுபதை நான் வெள்ளிக்கிழமையே தாண்டிவிட்டேன். யாரும் பேட்டி எடுக்க வரவில்லை" என்றாள்.

இது எங்கள் வீட்டு விசேஷம் என்று நினைத்துவிடாதீர்கள். மத்திய அரசாங்கத்தின் புள்ளிவிவர அலுவலகம் 2019-ல் நாடு முழுவதும் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. யார் யார் எந்த எந்தக் காரியத்தில் எவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள் என்று. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில், பெண்கள் நாள் ஒன்றுக்குச் சராசரி 299 நிமிஷம் செய்தார்கள். ஆண்கள் 97 நிமிஷம். குழந்தைகளையும் வயதானவர்களையும் கவனிப்பது இதில் சேராது. அது தனிக் கணக்கு. 299 நிமிஷத்தை ஏழால் பெருக்கினால் ஏறக்குறைய 35 மணி நேரம். எழுபதில் சரிபாதி!

அப்படியானால், ஒரு பெண்ணிடம் போய் ஆபீஸில் 70 மணி நேரம் இரு என்றால், வாரத்துக்கு 105 மணி நேரம் கேட்கிறோம் என்று அர்த்தம். ஆண் பிள்ளை எழுபது மணி நேரம் இருக்கலாம்; ஏனென்றால் அவனுடைய சட்டையைத் தோய்த்து, சோற்றைப் பொங்கி, குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேறொருவர் வீட்டில் இருக்கிறார். அவருடைய மணி நேரமும் கம்பெனியின் லாபத்தில்தான் சேர்கிறது. ஆனால் எந்தக் கம்பெனியின் வரவு செலவுக் கணக்கிலும் அதற்கு ஒரு வரி கிடையாது.

இதற்கு இன்போஸிஸின் சொந்தக் கதையை விட நல்ல சாட்சி வேண்டாம். கம்பெனி தொடங்கப் பத்தாயிரம் ரூபாய் கொடுத்தவர் ஸ்ரீமதி சுதா மூர்த்தி. தம் சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவரும் இஞ்சினீயர். பெண்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்று விளம்பரம் செய்த டெல்கோவைக் கண்டித்து ஜே.ஆர்.டி. டாட்டாவுக்கே தபால் கார்டு எழுதி, அங்கேயே வேலைக்கும் சேர்ந்த தைரியசாலி. அப்படிப்பட்டவருக்குக் கணவரின் கம்பெனியில் இடமில்லை. புருஷனும் மனைவியும் ஒரே கம்பெனியில் இருக்கக் கூடாது என்று ஸ்ரீ மூர்த்தி ஒரு கொள்கை வைத்திருந்தார். சுதா வெளியே நின்றார். வீட்டையும் குழந்தைகளையும் பெரும்பாலும் அவரே பார்த்துக்கொண்டார்.

2024 ஜனவரியில் ஒரு பேட்டியில் ஸ்ரீ மூர்த்தி மனம் திறந்து ஒப்புக்கொண்டார்: அது தவறு, ஸ்தாபகர்கள் எல்லோரையும் விட சுதாவுக்குத் தகுதி அதிகம் என்று. பெரிய மனிதர்கள் தவறை ஒப்புக்கொள்வது அபூர்வம். அந்த வகையில் அவரிடம் எனக்கு மரியாதை கூடியது. ஆனால் அதை ஒப்புக்கொள்ள நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது!

இன்னொரு விஷயம். தன் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிறவன் பகல் இரவு பார்க்க மாட்டான். கூலிக்கு இறைக்கிறவனையும் அப்படியே இறைக்கச் சொன்னால், காய்ப்பதில் பங்கு உண்டா என்று அவன் கேட்பான் அல்லவா? இன்போஸிஸ் 1990-களில் ஊழியர்களுக்குப் பங்கு கொடுத்தது. அதனால் பலர் நன்றாக வாழ்ந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் இன்று பெரிய மென்பொருள் கம்பெனிகளில் புதிதாகச் சேருகிற பட்டதாரிக்கு வருஷச் சம்பளம் மூன்றரை லட்சத்தை ஒட்டியே பல வருஷங்களாக நிற்கிறது. லார்ஸன் அண்டு டூப்ரோவில், 2023-24 ஆண்டறிக்கைப்படி, தலைவருடைய வருமானம் ஊழியர்களின் நடுநிலைச் சம்பளத்தைப் போல 534 மடங்கு. உழைப்பு மட்டும் சமமாக வேண்டுமென்றால் எந்தத் தராசில் நிறுப்பது?

ஜெர்மனி, ஜப்பான் உதாரணங்களையும் கொஞ்சம் தட்டிப் பார்த்தேன். அந்த நாட்டார் பாடுபட்டார்கள் என்பது வாஸ்தவம். ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1956 மே தினத்தில் மேற்கு ஜெர்மனியின் தொழிற்சங்கங்கள் ஒரு சுவரொட்டி வெளியிட்டன. அதில் ஒரு சின்னப் பையன். 'சனிக்கிழமை அப்பா எனக்கு' என்று அவன் சொல்வது போன்ற வாசகம். வாரத்துக்கு ஐந்து நாள், 40 மணி நேரம் என்பதே கோரிக்கை. யுத்தம் முடிந்து பதினோரு வருஷந்தான் ஆகியிருந்தது. நாட்டைக் கட்டியெழுப்பிய அதே மக்கள்தான், வீட்டையும் கட்டிக்கொள்ள ஒரு நாள் கேட்டார்கள்.

ஜப்பானிலோ, அதிக வேலையால் சாவதற்கு 'கரோஷி' என்று தனி வார்த்தையே உண்டு. அதைத் தடுக்க 2014-ல் சட்டமே இயற்ற வேண்டி வந்தது. அதே ஜப்பானில் மைக்ரோஸாப்ட் கம்பெனி, 2019 ஆகஸ்டில் ஐந்து வெள்ளிக்கிழமைகள் ஆபீஸை மூடிப் பார்த்தது. கூட்டங்களையும் அரை மணி நேரத்துக்குள் அடக்கியது. ஆள் ஒன்றுக்கு விற்பனை முந்தைய வருஷ ஆகஸ்டை விடச் சுமார் 40 சதவிகிதம் கூடியிருந்தது.

உடம்பின் கணக்கும் இருக்கிறது. உலக சுகாதார ஸ்தாபனமும் சர்வதேசத் தொழில் ஸ்தாபனமும் 2021-ல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாதம் வரும் அபாயம் 35 சதவிகிதம் அதிகம். எழுபது மணி நேரம் உழைத்து நாட்டை முன்னேற்றிவிட்டு, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பது யார்? அதுவும் அந்த வீட்டுப் பெண்தான்.

கம்பெனிகளுக்கும் மெல்ல மெல்ல இது உறைக்கிறது போலும். 2025-ல் இன்போஸிஸ் கம்பெனியே, வீட்டிலிருந்து வேலை பார்க்கும்போது தினம் ஒன்பதேகால் மணி நேரத்துக்கு மேல் உழைப்பவர்களுக்கு, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கடிதம் அனுப்புவதாகப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. ஸ்ரீ மூர்த்தியும், இதை யாரும் யார் மீதும் திணிக்க முடியாது, அவரவர் தமக்குள் யோசித்துக்கொள்ள வேண்டியது என்று 2025 ஜனவரியில் விளக்கினார். லார்ஸன் அண்டு டூப்ரோவின் தலைவர், அதே வருஷம் மார்ச் மாதம், தம் பெண் ஊழியர்களுக்கு மாதவிடாய்க் காலத்தில் மாதம் ஒரு நாள் சம்பளத்தோடு லீவு அறிவித்தார். குறை சொன்ன வாயால் நல்லதையும் சொல்லிவிட வேண்டும்.

அவரவர் யோசிக்க வேண்டியது என்றாரே, அதைத்தான் நானும் செய்தேன். நோட்டுப் பக்கத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, "84 மணி நேரமா? ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"சொல்ல எங்கே நேரம் இருந்தது?" என்று சிரித்தாள். பிறகு, சாதாரணமாக ஒன்று சொன்னாள். இரண்டு வருஷத்துக்கு முன் அவளுக்குப் பிரிவுத் தலைவியாகப் பதவி உயர்வு வந்ததாம். மாலை எட்டு மணி வரை ஆபீஸில் இருக்க வேண்டும் என்றார்களாம். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாளாம்.

"என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன். நீங்கள் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தீர்கள்."

அன்றைக்குக் காப்பி தொண்டையில் இறங்கவில்லை. நாராயண மூர்த்தி ஒரு கம்பெனியை உருவாக்கினார். அவருக்குச் சொல்லிக்கொள்ள ஒரு காரணமாவது இருந்தது. நான் எதை உருவாக்கினேன்? வாரா வாரம் நாலு பக்கம் எழுதுகிறேன். அதற்காக எங்கள் வீட்டில் ஒரு பெண் தன் மேஜையை விட்டுக் கொடுத்திருக்கிறாள். நானோ பக்கத்து அறையில் இருந்துகொண்டு உழைப்பின் பெருமையை உரக்கப் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்தப் பதவி மறுபடியும் வந்திருக்கிறது. இந்தத் தடவை அவள் சொன்னபோது பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். ஒப்புக்கொண்டுவிட்டாள். எட்டு மணி வரை ஏன் என்று அவளே கேட்டு, ஏழு மணியாகக் குறைத்தும் வாங்கியிருக்கிறாள். கூட்டங்களை அரை மணி நேரத்துக்குள் முடிக்கலாம் என்று மேலதிகாரியிடம் சொன்னாளாம். ஜப்பான் சமாசாரத்தை நான் உரக்கப் படித்ததில் அந்த ஒரு பலன்.

வாரத்தில் நாலு நாள் இரவுச் சமையல் இப்போது என் இலாகா. நோட்டின் இடது பக்கம் மெதுவாக ஏறிக்கொண்டு வருகிறது. போன வாரம் வீட்டு வேலை 16 மணி. ரசத்தைப் பற்றி மட்டும் தயவுசெய்து யாரும் எங்கள் வீட்டில் விசாரிக்க வேண்டாம்.